பைபாஸ் மேற்கேயா, கிழக்கேயா? தண்ணீர் போகும் வழியையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

ஊர் இணைய இழையில் ஒரு வாசகரின் கருத்து, 2025 ஜூன் 14 (அடுத்து வருபவை என் பதில்கள்)

"கடையநல்லூருக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் நம்ம ஊருக்கு பைபாஸ் வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறார்கள். மலையடிவாரத்தை ஒட்டி மேற்கே போட்டால் ஒரு வீடும் போகாது, ஒரு நஞ்சையும் போகாது. அங்கே இருப்பது வெறும் பொட்டல். கிழக்கே போட்டால் அத்தனை வயலும் போச்சு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?"

ஜூன் 15

விவாதிக்க நிறைய இருக்கிறது அண்ணாச்சி. பங்குனி சித்திரையில் அந்தப் பக்கம் போனால் பொட்டலாகத்தான் தெரியும். இப்போது சாரல் பிடித்துவிட்டது, இந்த வாரம் ஒரு நடை போய்ப் பாருங்கள். மலையிலிருந்து இறங்குகிற ஓடைகள் எல்லாம் அந்தப் பொட்டலைத் தாண்டித்தான் குளங்களுக்கு வருகின்றன. பெரிய ஓடைக்குப் பெயர் உண்டு, வரைபடத்திலும் இருக்கும். ஒரு எட்டில் தாண்டிவிடக்கூடிய சின்ன வாய்க்கால்களுக்குப் பெயரும் கிடையாது, புல வரைபடத்தில் கோடும் கிடையாது. மேல்குளம் அவற்றையும் நம்பித்தான் நிரம்புகிறது.

நம் பக்கத்தில் மேற்கே மலை, கிழக்கே சரிவு. அனுமன் நதியும் கருப்பாநதியும் மலையில் பிறந்து கிழக்கே ஓடுகின்றன. அந்தத் தண்ணீர் சிற்றாற்றில் சேர்ந்து தாமிரபரணிக்குப் போகிறது. அடவிநயினார் அணையும் கருப்பாநதி அணையும் வழியில் கொஞ்சம் பிடித்து வைக்கின்றன. ஆனால் அணையிலிருந்து தண்ணீர் நேரே நெல்லுக்கு வந்துவிடுவதில்லை. அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்து மடையிலிருந்து வயல். மேல்குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து கீழ்க்குளத்துக்கு. நெடுஞ்சாலை வடக்கு தெற்காகப் போகிறது, தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. அதனால் எந்தப் பக்கம் பைபாஸ் போட்டாலும் அது தண்ணீரைக் குறுக்கே மறித்தே தீரும். மேற்கே போட்டால் குளத்துக்கு வரும் தண்ணீரை மறிக்கும். கிழக்கே போட்டால் குளத்திலிருந்து வயலுக்குப் போகும் தண்ணீரை மறிக்கும். எங்கே மறித்தால் பாதகம் குறைவு என்பதைத்தான் நாம் பேசவேண்டும்.

பைபாஸே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். குளத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கிறேன். அறுவடை முடிந்ததும் வைக்கோல் வாங்கி கேரளத்துக்கு ஏற்றிவிடுகிற தொழிலும் இருக்கிறது. வைக்கோல் லாரி நம் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் மின்கம்பியையும் கடைப் பலகையையும் உரசிக்கொண்டு போவதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். கேரள எல்லையில் இருக்கிற புளியரை வழியாகப் போகிற ஜல்லி, எம்-சாண்ட், சிமென்ட், காய்கறி, கோழி எல்லாம் அதே தெருவில்தான். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அங்கே பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சாலை ஊருக்கு வெளியே போகத்தான் வேண்டும்.

ஜூன் 15, இரவு

"இருக்கிற சாலையையே அகலப்படுத்தினால் என்ன" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோவில் தெற்கு மதிலிலிருந்து பள்ளிவாசல் வரைக்கும் கடையும் வீடும் சுவரோடு சுவராக நிற்கின்றன. அகலப்படுத்தினாலும் லாரி ஊருக்குள்தான் ஓடும், இன்னும் வேகமாக ஓடும். அந்தப் பேச்சு போதும்.

ஜூன் 22

"ஒரு ரோடுதானே, எவ்வளவு நிலம் போய்விடும்" என்று கேட்கிறவர்களுக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நான்கு வழிச்சாலைக்கு 60 மீட்டர் அகலம் எடுப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு 6 ஹெக்டேர், ஏறக்குறைய 15 ஏக்கர். பைபாஸ் 6 கிலோமீட்டர் என்றால் 36 ஹெக்டேர், 89 ஏக்கர். 45 மீட்டர் அகலம் போதும் என்றாலும் கிலோமீட்டருக்கு 11 ஏக்கர் போகும். நம் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நஞ்சை இருந்தாலே பெரிது. எத்தனை குடும்பம் என்று நீங்களே யோசியுங்கள்.

அடுத்தது மண். வயலில் சாலை தரைமட்டத்தில் போகாது, வெள்ள மட்டத்துக்கு மேலே தூக்கியாகவேண்டும். இரண்டு வழிச்சாலை என்றே வைத்துக்கொண்டு மேலே 12 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், இரண்டு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு என்று சரிவு வைத்தால் அடியில் 24 மீட்டர் வரும். ஒரு கிலோமீட்டருக்கு 54,000 கன மீட்டர் மண் வேண்டும். 10 கன மீட்டர் ஏற்றுகிற டிப்பருக்கு 5,400 நடை. ஆறு கிலோமீட்டருக்கு முப்பத்திரண்டாயிரம் நடைக்கு மேலே. இறுக்கிய மண்ணுக்கான கணக்கு இது, அள்ளும்போது இன்னும் கூடும். அத்தனை மண்ணும் எங்கிருந்து வரும்? நம் குளத்து உள்வாயிலிருந்தா (குளத்துக்குள் தண்ணீர் நிற்கிற இடம்), மலையடிவாரத்துச் செம்மண்ணிலிருந்தா? பாதையைப் பற்றிப் பேசும்போதே இதையும் கேட்கவேண்டும்.

"குளத்தைச் சுற்றி வளைத்துப் போடலாமே" என்பவர்களுக்கு: மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்குப் போடுகிற சாலையில் வளைவின் ஆரம் 360 மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது பழைய விதி. புதிய நெடுஞ்சாலைகளில் அதற்கும் மேலேதான் கேட்கிறார்கள். நம் குளங்கள் கூப்பிடு தூரத்துக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரு குளத்தை விட்டு விலகினால் அடுத்த குளத்து உள்வாயில் போய் விழும். வரைபடத்தில் பென்சிலால் கோடு போடுகிறவருக்கு இது உடனே தெரிந்துவிடும். அவருக்குத் தெரியாதது, கோடையில் அவர் எடுத்த படத்தில் விழாத வாய்க்கால்கள்தான்.

ஜூலை 6

தண்ணீர் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது ஏன் என்று மரக்கடை நண்பர் கேட்டார். சொல்கிறேன்.

எங்கள் வயற்காட்டுக்குப் போகிற சாலையைச் சில வருஷங்களுக்கு முன்னால் அகலப்படுத்தினார்கள். பழைய கல் மதகை எடுத்துவிட்டு சிமென்ட் குழாய் புதைத்தார்கள். குழாய் பெரியதுதான், பழைய மதகை விடத் தண்ணீர் அதிகம் போகும். ஆனால் அதை வாய்க்கால் அடிமட்டத்துக்கு ஒரு அடி மேலே வைத்துவிட்டார்கள். ஒரு அடிதான். அந்தக் கார் நெல் பருவத்தில் சாலைக்கு மேற்கே இருந்த வயல்களில் தண்ணீர் கட்டி நின்று நாற்று அழுகியது. கிழக்கே இருந்த எங்கள் வயலில் சேறு கலக்கித் தொழி அடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. நடுவில் இருந்தது அந்தச் சாலை ஒன்றுதான். மேற்கு வயல்காரரும் நாங்களும் தலைமுறையாக ஒருவருக்கொருவர் கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடுகிறவர்கள். அந்த வருஷம் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அவர் இரவோடு இரவாக வரப்பை வெட்டிவிட்டார், எங்கள் சித்தப்பா மண்வெட்டியோடு போய் நின்றார்.

வேலை எடுத்தவரிடம் கேட்டால் "படத்தில் இருக்கிறபடிதான் வைத்தோம்" என்றார். அலுவலகத்தில் கேட்டால் "வேலை முடிந்து பில் போய்விட்டது" என்றார்கள். கடைசியில் வயல்காரர்கள் பணம் போட்டு குழாயைத் தோண்டி இறக்கி வைத்தோம். கிராமச் சாலையாக இருந்ததால் அதாவது முடிந்தது. 3 மீட்டர் உயரத்து நெடுஞ்சாலைக்கு அடியில் இருக்கிற குழாயை எந்த வயல்காரன் தோண்டி இறக்குவான்?

அதனால்தான் சொல்கிறேன். எத்தனை பாலம், எத்தனை குழாய் என்பது பாதிக் கேள்வி. ஒவ்வொன்றும் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது மீதிக் கேள்வி. அந்த மட்டம் மடை திறக்கிறவருக்குத் தெரியும். அவரைக் கூட வைத்துக்கொண்டு அளக்கவேண்டும்.

ஜூலை 13

கூரியாடு பற்றி இங்கே யாரும் எழுதவில்லை. எல்லையைத் தாண்டினால் கிடைக்கிற பாடம் அது, நாம் பேசாமல் இருக்கக்கூடாது.

மலப்புரம் மாவட்டம் கூரியாட்டில் தேசிய நெடுஞ்சாலை 66க்காக வயலின் மேலே உயரமாக மண் நிரப்பிச் சாலை எழுப்பினார்கள். 2025 மே 19 அன்று அது சரிந்து, பக்கத்தில் இருந்த சர்வீஸ் சாலையையும் பிளந்துகொண்டு போனது. நெல் வயலின் ஈர மண் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த இடத்தில் தூண் நிறுத்திப் பாலமாகக் கட்ட முடிவு செய்தார்கள். மண்மேடு வேண்டாம், தூண் வைத்துக் கட்டுங்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

நம் வயல் மண்ணும் அதே மண் என்று நான் சொல்லவரவில்லை. அங்கே மழையும் அதிகம், வயலும் தாழ்வு. ஆனால் நம் குளங்களுக்குக் கீழே, மடையை ஒட்டி, வருஷம் முழுவதும் கால் புதைகிற இடங்கள் உண்டு. அந்த இடங்களில் மண்மேடு வேண்டாம், திறந்த பாலமாகக் கொண்டு போங்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடவேண்டும். செலவு கூடத்தான் செய்யும். சரிந்தபின் கட்டினால் இரண்டு செலவு.

ஜூலை 27

இத்தனை நாளும் "இதுவும் கூடாது, அதுவும் கூடாது" என்றே எழுதுகிறேன், எங்கேதான் போடச் சொல்கிறீர் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

என் யோசனை, ரயில் பாதையை ஒட்டிப் போடலாம். விருதுநகரிலிருந்து தென்காசிக்கு வருகிற பாதை நம் ஊருக்குக் கிழக்கே போகிறது. அது மீட்டர் கேஜாக இருந்த காலத்திலேயே தண்ணீரைக் குறுக்கே ஒருமுறை மறித்தாயிற்று. எங்கெங்கே தண்ணீர் வருகிறதோ அங்கெல்லாம் சின்னதும் பெரியதுமாகக் கண் (தண்ணீர் போகிற திறப்பு) வைத்துப் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணும் இத்தனை வருஷ மழையில் சோதித்துப் பார்க்கப்பட்டது. குளத்து மறுகாலும் வயல் வாய்க்கால்களும் அந்தக் கண்களுக்கு ஏற்றபடி தங்களை அமைத்துக்கொண்டுவிட்டன. புதிதாக ஒரு கோடு போட்டு இன்னொரு இடத்தில் மறிப்பதை விட, ஏற்கெனவே மறித்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகட்டும். ரயில் பாதைக்கு ஊர்ப்பக்கமாகவே போய் ஊர்ப்பக்கமாகவே திரும்பிவிட்டால் தண்டவாளத்துக்கு மேலே மேம்பாலமும் கட்டவேண்டியதில்லை.

மேற்கே உள்ள நீர்வரத்து பிழைக்கும். கிழக்கே உள்ள வயல் துண்டாகாது. எனக்கு இதுதான் சரி என்று படுகிறது.

ஆகஸ்ட் 3

மேலே எழுதியதை என் மச்சினன் படித்தான். வேறு மாவட்டத்தில் சாலை வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவன். போனில் நெடுநேரம் பேசினான். யோசனை நல்லது என்றான், ஆனால் இரண்டு விஷயத்தை விட்டுவிட்டதாகச் சொன்னான். அதை இங்கே எழுதாவிட்டால் என் பேச்சு அரைகுறை.

ஒன்று, இரண்டு மண்மேடு அக்கம்பக்கமாகப் போனால் நடுவில் ஒரு பள்ளம் உண்டாகும். சாலையின் கண்ணும் ரயிலின் கண்ணும் நேருக்கு நேர் இல்லையென்றால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி இரண்டு கரையையும் அரிக்கும். ஐப்பசி அடைமழையில் இது ஆபத்து. அதனால் ரயிலின் ஒவ்வொரு கண்ணுக்கும் நேராக, அதை விட அகலமாக, அதே அடிமட்டத்தில் சாலையிலும் திறப்பு வேண்டும். வரைபடத்தைத் தொடுவதற்கு முன்பே அந்தக் கண்கள் முழுவதையும் அளந்தாகவேண்டும்.

இரண்டாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஊருக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இப்போது மனைகள் போட்டாயிற்று. அதில் பாதிப்பேர் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள். பத்து வருஷம் வெயிலில் நின்று சேர்த்த பணத்தில் அஞ்சு சென்ட் வாங்கி, கல் நட்டுவிட்டு மறுபடி விமானம் ஏறியவர்கள். வீடு கட்டத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். "வயல்காரன் தன் வயலைக் காப்பாற்ற எங்கள் மனையைக் காட்டிக்கொடுக்கிறான்" என்று அவர்கள் சொன்னால் அதற்கு என்ன பதில்?

யோசித்துப் பார்த்தேன். மனைக்கு இழப்பீடு கொடுத்தால் இன்னொரு மனை வாங்க முடியும். வலி இருக்கும், ஆனால் வழி உண்டு. வாய்க்கால் செத்துப்போனால் அதன் கீழே இருக்கிற வயல்காரருக்கு இழப்பீடே கிடையாது, ஏனென்றால் அவர் நிலத்தை யாரும் எடுக்கவில்லை. பட்டா அவர் பெயரில் அப்படியே இருக்கும், விளைச்சல் மட்டும் இருக்காது. இந்த வித்தியாசத்தால்தான் நான் இன்னமும் ரயில் பாதை யோசனையில் நிற்கிறேன். ஆனால் வீடு எழும்பிய இடங்களில் சாலையின் அகலத்தைக் குறைத்துக் கேட்கவேண்டும், சர்வீஸ் சாலையை ஒரு பக்கத்தோடு நிறுத்தச் சொல்லவேண்டும். இதையும் நம் கோரிக்கையில் சேர்த்தாகவேண்டும். மனைக்காரர்களை விட்டுவிட்டு வயல்காரர்கள் மட்டும் போய்ப் பேசுவது தப்பு.

ஆகஸ்ட் 10

டீக்கடை, பரோட்டாக்கடை நண்பர்களுக்கு. "பைபாஸ் வந்தால் ஊர் செத்துவிடும்" என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. லாரி நிற்காவிட்டால் ராத்திரிக் கடை ஓடாது. இதை யாரும் லேசாகப் பேசக்கூடாது.

திண்டுக்கல், தேனி வழியாகக் குமுளிக்குப் போகிற சாலையில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எல்லாவற்றுக்கும் பைபாஸ் வந்தாயிற்று. வைக்கோல் வியாபாரமாக அந்தப் பக்கம் போகும்போது ஊருக்குள் போய்ப் பார்ப்பது என் வழக்கம். ஜவுளி, நகை, மருந்து, விதை, உரம் விற்கிற கடைகளில் கூட்டம் குறையவில்லை. சுற்றுப்பட்டி ஜனங்கள் நிம்மதியாக வந்து வண்டியை நிறுத்த முடிகிறது. லாரிக்காரரை மட்டும் நம்பி இருந்த கடைகளுக்குத்தான் அடி. அவற்றில் சில பைபாஸ் பிரிகிற முக்குக்கு நகர்ந்துவிட்டன, சில மூடிவிட்டன.

நம் பக்கத்திலேயே பிரானூர் பார்டர் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை அன்றைய சென்னை மாநிலத்தோடு சேரும் வரைக்கும் திருவிதாங்கூர் எல்லை அங்கேதான். எல்லை புளியரைக்கு மேலே மலைக்குப் போய் இத்தனை வருஷமாகியும் மரக்கடைகளும் பரோட்டாக்கடைகளும் அங்கேயே நிற்கின்றன. சாப்பாட்டுக்காகவும் மரத்துக்காகவும் ஆட்கள் தேடி வருகிறார்கள். பெயர் வாங்கிய கடையைத் தேடி குற்றாலம் சீசன்காரர் இரண்டு கிலோமீட்டர் உள்ளே வருவார்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பைபாஸிலிருந்து ஊருக்குள் இறங்குகிற வழி ஒழுங்காக இருக்கவேண்டும். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, இரண்டும் பஸ் திரும்புகிற அகலத்தில். வெளியூர் பஸ் பைபாஸிலேயே போய்விட்டால் ஊருக்கு நிஜமாகவே கேடுதான். ராத்திரி பதினோரு மணிக்குப் பெண்களையும் பிள்ளைகளையும் மேம்பாலத்துக்கு அடியில் இறக்கிவிட்டுப் போகிற பஸ்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. "ஊருக்குள் வந்து போகும்" என்று அனுமதிச் சீட்டில் எழுதியிருந்தாலும் நாம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் உள்ளே வரும்.

ஆகஸ்ட் 24

வண்டிக் கணக்கு பற்றி ஒரு குறிப்பு.

எந்தப் பைபாஸுக்கும் முதலில் போக்குவரத்து எண்ணுவார்கள். வழக்கமாக ஏழு நாள், இரவும் பகலும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மதிப்பு உண்டு. கார் ஒன்று, மோட்டார் சைக்கிள் அரை, லாரியும் பஸ்ஸும் மூன்று, பல அச்சு லாரி நாலரை. மாட்டுவண்டிக்கு எட்டு என்று இந்தியச் சாலைக் கழகத்தின் விதியில் இருக்கிறது, மெதுவாகப் போய் வழியை அடைப்பதால். ஆக நூறு மோட்டார் சைக்கிள் ஐம்பது, நூறு லாரி முந்நூறு.

எந்த வாரத்தில் எண்ணுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆனி, ஆடியில் எண்ணினால் குற்றாலத்துக் கார்களும் வேன்களும் கூடும். கார்த்திகையிலிருந்து தை பிறக்கும் வரைக்கும் எண்ணினால் ஐயப்பமார் வண்டிகள் கூடும். பங்குனியில் எண்ணினால் இரண்டும் இருக்காது. "எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள்" என்று வண்டியை நிறுத்திக் கேட்கிற கணக்கும் உண்டு. நம் ஊரில் நிற்காமல் புளியரைக்கே போகிற வண்டி எத்தனை என்பது அதில்தான் தெரியும். பைபாஸ் இரண்டு வழியா நான்கு வழியா என்பதை இந்த எண்களை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள், அதை வைத்து நம் நிலம் கிலோமீட்டருக்கு 11 ஏக்கரா 15 ஏக்கரா என்று முடிவாகும். எண்ணுகிறவர்கள் சாலையோரம் நாற்காலி போட்டு உட்காருகிற நாளில் போய் மரியாதையாகப் பேசிப் பாருங்கள். காமிரா கட்டி எண்ணினாலும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருப்பார்.

செப்டம்பர் 7

சட்டம் தெரிந்த நண்பரோடு உட்கார்ந்து படித்ததை எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன். இந்த இழையில் நான் எழுதியதில் எல்லாரும் படிக்கவேண்டியது இதுதான்.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் வருஷத்து தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி. முதலில் அந்தச் சட்டத்தின் 3ஏ பிரிவு அறிவிப்பு அரசிதழில் வரும். அதன் சாரம் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகையில் வரும், ஒன்று தமிழில் இருக்கவேண்டும். அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கவேண்டும், இது 3சி. கொடுத்தவரை அதிகாரி அழைத்து விசாரிக்கவேண்டும், நேரிலும் பேசலாம், வக்கீல் வைத்தும் பேசலாம். அதற்குப் பிறகு 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும். 3ஏ வந்து ஒரு வருஷத்துக்குள் 3டி வராவிட்டால் முதல் அறிவிப்பு செல்லாது. இழப்பீடு 3ஜி. நிலத்தின் விலை மட்டும் இல்லை, நிலம் துண்டாகிப் போவதால் வரும் நஷ்டத்தையும் அதில் கேட்கலாம். தென்னை, கிணறு, மோட்டார் கொட்டகை எல்லாவற்றையும் இப்போதே புகைப்படம் எடுத்து வையுங்கள்.

2015 ஜனவரி முதல் 2013ஆம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்கு இதற்கும் பொருந்தும். நிலத்தின் சந்தை மதிப்பைப் போட்டு, அதன்மேல் நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை சேரும். ஆனால் அந்தச் சந்தை மதிப்பை எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? வழிகாட்டி மதிப்பையும், மூன்று வருஷத்துக்குள் பதிவான பத்திரங்களில் அதிக விலை போட்ட பாதியின் சராசரியையும் பார்ப்பார்கள். நாம் எல்லாரும் முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டு வந்திருக்கிறோம். அது இங்கேதான் வந்து கடிக்கும்.

தாத்தா பேரில் இருக்கிற கூட்டுப் பட்டாக்காரர்கள் உடனே உட்பிரிவு செய்துகொள்ளுங்கள். அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் இருந்தாலும் இப்போது பேசித் தீருங்கள். பணம் ஒதுக்கியபின் பங்கு தகராறு என்றால் அது கோர்ட்டில் போய்க் கிடக்கும். குத்தகைக்கு உழுகிறவர்கள் ஒரு துண்டுக் காகிதமாவது வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வாய்ப்பேச்சுக் குத்தகை, அதனால் அவர்கள் பெயர் எந்தப் பதிவிலும் வராது. முதலில் நட்டப்படுகிறவர்கள் அவர்களே.

இதை விடப் பெரிய விஷயம் ஒன்று. இவ்வளவு சின்னப் பைபாஸுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வரும் என்று காத்திருக்காதீர்கள். 2013இல் திருத்திய விதிப்படி, இருக்கிற தேசிய நெடுஞ்சாலையை விரிவாக்கும் வேலை 100 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, அகலமாகவும் நிலம் எடுத்தால்தான் சுற்றுச்சூழல் அனுமதியே தேவை. 2013 நிலச் சட்டத்தில் இருக்கிற சமூகத் தாக்க ஆய்வும் தேசிய நெடுஞ்சாலைக்குக் கிடையாது. நமக்குச் சட்டப்படி கிடைக்கிற முதல் வாசல் அந்த 21 நாள்தான். அப்போது பாதை முடிவாகி, சர்வே எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். பேச்சு முழுக்க "உனக்கு எவ்வளவு" என்று திரும்பிவிடும். பட்டியலில் சர்வே எண் இல்லாத கடைமடை வயல்காரரை யாரும் கூப்பிடமாட்டார்கள். தண்ணீரைப் பற்றிப் பேசுகிற காலம் அதற்கு முன்னால் இருக்கிறது. இரண்டு மூன்று மாற்றுப் பாதைகளை வரைந்து ஒப்பிடுகிற கட்டம் அது. நாம் அந்தக் கட்டத்தில் போய் நிற்கவேண்டும்.

செப்டம்பர் 14

"கீழாற்றூர் மாதிரி நாமும் வயலில் இறங்கி உட்காரவேண்டும்" என்று தம்பி ஒருவர் ஆவேசமாக எழுதியிருக்கிறார். அந்த ஆவேசம் எனக்கும் உண்டு. கண்ணூர் மாவட்டத்தில் தளிப்பறம்பு பைபாஸ் வயல் வழியாக வருகிறது என்று 2017, 2018இல் கீழாற்றூர்க்காரர்கள் "வயல்கிளிகள்" என்ற பெயரில் போராடினார்கள். கேரளம் முழுக்க அதைப் பற்றிப் பேசியது. நெல் வயலைக் காக்க 2008லேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் அது. அப்படியும் கடைசியில் பாதை மாறவில்லை, சாலை வயல் வழியாகவே வந்தது.

அவர்கள் போராடியது வீண் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஒரு வயலின் மதிப்பை அத்தனை பேருக்கும் எடுத்துச் சொன்னவர்கள் அவர்கள். ஆனால் பாதை எழுதப்பட்டபின் அதை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் அதுவே சாட்சி. தம்பி, வயலில் உட்காருவதற்கு முன்னால் வயலை அளப்போம். இந்த மாதம் வாருங்கள், உங்களுக்கு வேலை இருக்கிறது.

செப்டம்பர் 28

வேலை நடந்திருக்கிறது. எங்கள் குளத்திலும் அடுத்த இரண்டு குளத்திலும் மடை, மறுகால், வரத்துக்கால் எல்லாவற்றையும் போனில் இடம் குறித்து ஒரே வரைபடத்தில் போட்டாயிற்று. மடை திறக்கிற பெரியவர்தான் முன்னால் நடந்தார். எந்த வாய்க்கால் எந்த மாதம் ஓடும், எது கார் பருவத்துக்கு மட்டும், எது அடுத்து வரும் பிசான நெல்லுக்கும் வரும் என்று அவர் சொல்லச் சொல்லத் தம்பிகள் குறித்துக்கொண்டார்கள். ரயில் கண்களை ஒவ்வொன்றாக அகலம் அளந்தார்கள், தண்டவாளத்தில் ஏறாமல் வயல் பக்கமிருந்தே. புல வரைபடத்தில் இல்லாத வாய்க்கால்களைச் சிவப்பில் போட்டிருக்கிறோம், சிவப்புதான் அதிகம். மனைக்காரர்கள் சார்பில் மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்தார். எழும்பிய வீடுகளையும் கடைக்கால் போட்ட இடங்களையும் அவர்களே குறித்துக் கொடுத்தார்கள். இரண்டு இடத்தில் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒத்துவரவில்லை. அதை மறைக்காமல் இரண்டு கோடாகவே வரைந்திருக்கிறோம்.

நம் ஊர் பேரூராட்சி, அதனால் கிராமசபை கிடையாது. ஆனால் பைபாஸ் போகக்கூடிய நிலத்தில் பாதி பக்கத்து இரண்டு ஊராட்சிகளில் வருகிறது. அங்கே அடுத்த மாதம் கிராமசபை. தீர்மானத்துக்கு எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: மாற்றுப் பாதைகளை ஒப்பிடும்போது இந்த நீர்வழி வரைபடத்தையும் சேர்த்து ஒப்பிடவேண்டும். ஒவ்வொரு சிறுபாலத்தின் அடிமட்டத்தையும் பாசனக்காரர்கள் முன்னிலையில் குறிக்கவேண்டும். குளத்து உள்வாயில் மண் எடுக்கவும் கூடாது, கொட்டவும் கூடாது. கால் புதைகிற வயலில் மண்மேட்டுக்குப் பதில் திறந்த பாலம் வேண்டும். வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் அறுவடை இயந்திரமும் நுழைகிற உயரத்தில் கீழ்ப்பாலம் வேண்டும். ஊருக்குள் பஸ் வந்து போக இரண்டு முனையிலும் வழி வேண்டும்.

பேரூராட்சி உறுப்பினர்களிடம் தனி மனு போகிறது. நெடுஞ்சாலை அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒப்புகை கேட்டுத் தபாலில் ஒரு பிரதி, நீர்வளத் துறைக்கு ஒரு பிரதி. ஒப்புகைகளைப் பத்திரமாக வையுங்கள், நாளைக்கு 3சி விசாரணையில் "முன்பே சொன்னோம்" என்று காட்ட அதுதான் ஆதாரம்.

மேற்குப் பக்கத்து ஓடைகளில் வடக்கே இருக்கும் மூன்று மட்டும் இன்னும் அளக்கவில்லை, அங்கே முள் அடைத்துக் கிடக்கிறது. பொட்டல் என்று முதலில் எழுதிய அண்ணாச்சிக்கு அந்தப் பக்கம் தோப்பு இருக்கிறது. புதன்கிழமை காலை அவர் ஆள் வைத்து முள்ளை வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏழு மணிக்கு அம்மன் கோவில் பக்கம் வந்துவிடுங்கள். அளக்கிற நாடாவும் ரப்பர் செருப்பும் கொண்டுவாருங்கள்.